இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே

சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு பனியன் துணித் துண்டு. எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்து, தொட்டால் பிசுபிசுத்தது. செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றும் பழைய மெஷினிலிருந்து அதை இடுக்கியால் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்ட நொடி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உக்கடத்துப் பட்டறைகளில் கை துடைக்க, ஆயில் துடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். யாரோ துடைத்துவிட்டு மறந்த துணி என்று நினைத்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டு லாரி ஷெட், கரும்பு ஆலை, ஓட்டல் என்று ஊர் ஊராகச் சுற்றியவன் நான். எங்கும் நான்கு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அந்த மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் மட்டும் பரணில் படுக்க இடம் தந்திருந்தார்கள்.

பட்டறையை நடத்தியவர் ஓர் அக்கா. என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. சேர்த்துக்கொண்ட அன்று ஒன்றுதான் சொன்னார்: "கை தப்புப் பண்ணுச்சுன்னா சரி பண்ணிக்கலாமுங்ண்ணா. வாய் தப்புப் பண்ணுச்சுன்னா நீங்க மூட்டையக் கட்டிக்கலாம்."

மெஷினைக் கொண்டுவந்தவர் போத்தனூரில் கிதார் செய்பவர். கோபிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரேடியோக் கடையிலிருந்து வாங்கியிருந்தார். கிதார்த் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கு அதில் காயில் சுற்ற வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி, எட்டாயிரம் சுற்று. எங்களுக்குப் பழக்கம் பம்புசெட் மோட்டார். அந்தக் கம்பியில் துணியே காயப்போடலாம். இவ்வளவு மெல்லிய கம்பி எப்படிப் பாட்டைப் பிடிக்கும் என்று எனக்கு ஒரே வியப்பு. துருவைத் தேய்த்தேன், பேரிங் மாற்றினேன், சுற்று எண்ணும் மீட்டரைப் பிரித்துப் பூட்டினேன். ஓட்டிப் பார்த்தால் முந்நூறு சுற்றில் கம்பி அறுந்தது. மறுபடி நானூற்றில். கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் காயில் தொளதொளத்தது, இறுக்கினால் அறுந்தது. சனிக்கிழமைக்குள் ஒரு காயிலாவது முழுசாகச் சுற்றாவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகக் கிதார்க்காரர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கம்பி நுழைந்து வரும் இரண்டு பித்தளைத் தகடுகளையும் அக்கா வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இத்தன வருசம் ஓடுன மெசினு. பித்தளைல கம்பி உரசுன கோடு ஒண்ணுகூட இல்லீங்களே. நடுவுல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க்கா" என்றேன். கேட்டதுமே துணி ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

மத்தியானம் குப்பைக்கூடையைப் போய்ப் பார்த்தேன். குப்பை எப்போதோ போய்விட்டது. மூட்டை கட்டுவது எனக்குப் புதிதல்ல; ஒரு பை, இரண்டு சட்டை. ஆனால் அந்தத் துணி இருந்தால் கம்பி நிற்குமா என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை.

"அக்கா, துணி ஒண்ணு இருந்துச்சுங்க. அழுக்குன்னு எறிஞ்சுபோட்டேன். காலைல சொன்னது பொய்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெசினக் குளிப்பாட்டுனவரு கோவணத்தையும் உருவிப்போட்டீங்களாக்கும்!"

"மூட்டையக் கட்டட்டுங்களா?"

"மொதல்ல கம்பி. மூட்டைய அப்பறம் பேசிக்கலாம்."

புதுப் பனியன் வேஸ்ட்டை வைத்துப் பார்த்தோம். அதன் பிசிறு கம்பியைப் பிடித்திழுத்து அறுத்தது. அக்காவின் பார்வை என் சட்டைக்குள் தெரிந்த பனியனில் நின்றது. மூன்று வருடமாக அதையே துவைத்துத் துவைத்துப் போட்டதில் வெங்காயத் தோல் போலாகியிருந்தது. "அதக் கழட்டுங்க" என்றார். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தகடுகளுக்கு நடுவே வைத்தோம். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியது, நாலாயிரத்தைத் தாண்டியது. எட்டாயிரத்தில் அக்கா மெஷினை நிறுத்தினார்; கம்பி அறுந்திருக்கவில்லை.

மறுநாள் கிதார்க்காரர் அந்தக் காயிலைக் கிதாரில் பூட்டி, ஸ்பீக்கரில் இணைத்து, ஒரு தந்தியைச் சுண்டினார். பட்டறையின் தகரக் கூரைவரை கேட்டது. மூட்டையைப் பற்றி அக்கா பிறகு பேசவே இல்லை. ஆறு வருடமாகிறது.

போன வாரம் போத்தனூர் போயிருந்தேன். மெஷினில் என் துணி அதே இடத்தில் இருந்தது, கறுத்து, பிசுபிசுத்து. "ஓட்டை விழப் பாக்குதுங்க, ஸ்பேர் ஒண்ணு கொண்டாங்க" என்றார் கிதார்க்காரர். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ஐந்து பனியன்கள் இருந்தன. ஒன்றுகூட அந்த அளவுக்குத் தேயவில்லை.