எட்டு மணி ரசிகர்

நசரத்பேட்டை துலுக்கானத்துக்குப் பரதநாட்டியம் பிடிக்கும் என்று சொன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பிய ஒன்றிரண்டு பேர், ஆடுகிற பெண்களைப் பார்க்கப் போகிறார் என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற ஆள், கை நகத்தில் கிரீஸ் போகாத ஆள், மயிலாப்பூர் பக்கம் போய் வர்ணம் பார்க்கிறார் என்பதைவிட அது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

இத்தனைக்கும் துலுக்கானத்தை அங்கே அனுப்பியதே கம்பெனிதான். 1981-ல் ஒரு சபாவின் தகரக் கூரையைப் பிரித்து மாட்ட இரண்டு பெட்டி போல்ட் கேட்டிருந்தார்கள். கொண்டுபோனவரிடம் சலானில் கையெழுத்துப் போடவேண்டிய காரியதரிசி உள்ளே நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது முதல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கவாட்டுக் கதவோரம் காத்து நின்ற துலுக்கானத்துக்கு அலாரிப்பில் கண் போனது, வர்ணத்தில் சலான் போனது. மறுநாள் சூப்பர்வைசர் திட்டியபோதுகூட அவர் காதில் ஜதிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். டிசம்பரில் டிக்கெட் போட்டு, பட்டுப்புடவைகளைத் தரம் பிரித்து உட்காரவைக்கிற சபாக்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. மற்ற மாதங்களில், யாராவது வந்தால் போதும் என்று கதவைத் திறந்துபோட்டிருக்கிற சிறிய சபாக்களுக்குப் போனார். அங்கே முப்பது பேர் இருப்பார்கள். இருபது பேர் ஆடுகிற பெண்ணின் சொந்தக்காரர்கள். ஐந்து பேர் கேண்டீனில் ரவாதோசை தயாராகும்வரை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள். நான்கு பேர் தாளம் போடுகிறவர்கள், ஆளுக்கொரு தாளம். மீதி ஒருவர் துலுக்கானம்.

சட்டைப்பையில் கம்பெனி கொடுத்த சிறு நோட்டு இருக்கும். அதில் எழுதுவார். ஓகே, ரிஜெக்ட், ரீவொர்க் என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர விமரிசன பாஷை எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பத்திரிகையில் எழுதுவதைப் பார்த்தபோது, இந்த மூன்றே போதும் என்றுதான் தோன்றியது. அவர்கள் ரிஜெக்டையும் ‘வளரும் கலைஞர்’ என்று எழுதி ஓகே ஆக்கிவிடுகிறார்கள். போல்ட்டில் அப்படிச் செய்தால் லாரி சக்கரம் கழன்று ஓடும்.

இவ்வளவு பெரிய ரசிகருக்கு ஒரே ஒரு குறை. அவர் தில்லானா பார்த்ததில்லை.

நிகழ்ச்சி ஆறரைக்கு. வர்ணம் முடிய ஏழரை ஆகும். பிறகு பதம். பதம் முடிகிறபோது எட்டு. எட்டுக்கு எழுந்தால்தான் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் இறங்கி, நசரத்பேட்டைக்குப் போகிற கடைசி பஸ்ஸில் தொற்றிக்கொள்ள முடியும். ஆக, நாட்டியத்தின் கடைசி உருப்படி, காலும் தாளமும் போட்டி போட்டுக்கொண்டு ஓடி, சிலை சிலையாக நின்று முடிகிற அந்தத் தில்லானாவை அவர் எப்போதும் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே ஓடுவார். நூறு தில்லானா கேட்டிருப்பார். ஒன்றின் காலைக்கூடக் கண்டதில்லை. “டிவியில பாக்கலாமே” என்றார்கள். டிவிக்காரன் கால் ஆடும்போது முகத்தைக் காட்டினான், முகம் பேசும்போது காலைக் காட்டினான், இரண்டும் சேர்ந்து வந்தபோது தடங்கலுக்கு வருந்தினான்.

ஒருமுறை, 1983-ல், பஸ் போனால் போகட்டும் என்று உட்கார்ந்தும் பார்த்தார். பதம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மேடையேறி, கலை நேரத்தைக் கடந்தது என்று முக்கால் மணி நேரம் நிரூபித்தார். தில்லானாவுக்கு நேரமில்லாமல் மங்களம் பாடிவிட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையில் நடந்துவந்தவரை ஒரு லாரி ஓரம் தள்ளியது. இடது கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டு.

மனைவி கன்னியம்மா மூன்று மாதமும் அதைச் சும்மா விடவில்லை. “எவளோ காலத் தூக்கி ஆடறத பாக்கப் போயி உன் கால ஒடச்சிகினு வந்துகீற. இன்னாயா ஆளு நீ?” என்றாள். கட்டுப் பிரித்த அன்று மகள் அங்கம்மாவை முன்னால் நிறுத்தி, “பொண்ணு தலமேல கைய வெச்சி சொல்லு, இனிமே கடைசி பஸ்ஸ உடமாட்டேன்னு” என்றாள். துலுக்கானம் கையை வைத்துச் சொன்னார். தில்லானா அன்றோடு போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை, வயதோடு சேர்ந்து அதுவும் பெருத்தது. செத்துப்போவதற்குள் ஒன்றாவது முழுதாகப் பார்க்கவேண்டும் என்று கன்னியம்மாவிடமே சொல்லித் திட்டு வாங்கினார்.

நாகவல்லியை அவர் முதலில் பார்த்தது 1988-ல். அன்று ஆடி அவர் நோட்டில் ‘ரீவொர்க்’ வாங்கிய பெண். அடுத்தடுத்து ஐந்தாறு நிகழ்ச்சிகளில் அதை அடித்து ‘ஓகே’ போட்டார். அவரிடம் ஓகே வாங்கியவர்கள் மொத்தம் நான்கு பேர். எட்டு மணிக்கு எழுந்து போகும்போது நட்டுவாங்கம் செய்கிற வாத்தியார் தன்னை ஒரு மாதிரியாக முறைப்பதை அவர் கவனித்ததுண்டு. வேட்டியில் கிரீஸ் கறை தெரிகிறது போல என்று நினைத்துக்கொள்வார்.

1994 ஆடி மாதம் அம்மன் கோயில் விழா வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் வீரராகவ நாயக்கர், தன் வயலையெல்லாம் மனைக்கட்டாக்கி விற்றவர். மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு மெல்லிசைக் குழு மட்டும் போதவில்லை, கொஞ்சம் கலாசாரமும் வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் நாகவல்லியின் சித்தப்பா. நோட்டீஸில் அவள் பெயரைப் பார்த்த துலுக்கானம் அதை மடித்துச் சட்டைப்பை நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தன் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பஸ்ஸே வேண்டாம்.

ஐந்தரைக்கே முதல் வரிசை நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “இன்னா துலுக்கானம், மாப்ள மாதிரி வந்து குந்திகினே?” என்றார் நாயக்கர். “தில்லானா இருக்குதில்ல நாயக்கரே?” என்று கேட்டார் இவர். “எல்லாம் கீது, எல்லாம் கீது” என்றார் நாயக்கர். அது இனிப்பா காரமா என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வர்ணம்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு, 1983-ல் பேசியவருக்குத் தம்பி போல ஒரு பிரமுகர் மேடையேறினார். இவர் ஒரு படி மேலே போய், கலையை அரை மணி நேரமும் தன்னை அரை மணி நேரமும் பாராட்டினார். மெல்லிசைக் குழுவினர் டிரம்ஸை இறக்கிவைத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தார்கள். நாயக்கர் மேடை ஓரம் போய் நாகவல்லியிடம் ஏதோ சொன்னார். ஒரு விரலைக் காட்டினார். அவள் யோசித்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். துலுக்கானத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது. தன்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்று துலுக்கானத்துக்கு அப்படி ஒரு பூரிப்பு.

பதம் ஆடினாள். அருமையாக ஆடினாள். முடிந்ததும் மறுபடி அவரையே பார்த்தாள். துலுக்கானம் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, பதின்மூன்று வருடத் தில்லானாவுக்குத் தயாரானார்.

வாத்தியார் மங்களம் பாடினார்.

மேடைக்குப் பின்னால் தட்டி மறைப்பில் நாகவல்லி சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மிருதங்கம் உறைக்குள் போய்விட்டது. துலுக்கானத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

“வாங்க சார். இன்னிக்குக் கடைசிவரைக்கும் உட்கார்ந்தீங்க. எனக்கு அது போதும் சார்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“தில்லானா இன்னாம்மா ஆச்சி?” என்றார் துலுக்கானம்.

“ஏதாவது ஒண்ணை விடச் சொன்னாங்க. பதமா, தில்லானாவான்னு யோசிச்சேன். எதிர்ல நீங்க. நீங்க இருக்கும்போது தில்லானா எப்படி சார் ஆடுவேன்?” என்றாள் அவள். “ஒவ்வொரு தடவையும் பதம்வரைக்கும் நோட்ல எழுதுவீங்க. தில்லானான்னா எழுந்து போயிடுவீங்க. முதல் தடவை வீட்டுக்குப் போய் அழுதேன். ‘அவர் விஷயம் தெரிஞ்சவர், உன் தில்லானாவில் எங்கேயோ கோளாறு’ன்னு வாத்தியார் சொன்னார். ஆறு வருஷத்துல அதை மட்டும் மூணு தடவை பிரிச்சு மறுபடி கட்டினோம். அப்பவும் எழுந்து போனீங்க.”

வெளியே மெல்லிசைக்காரன் மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்றான்.

“இன்னிக்காவது சொல்லுங்க சார். அதுல என்ன தப்பு?”

சொல்வதற்கு ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிவிடலாமா என்று துலுக்கானம் ஒரு நிமிடம் நினைத்தார். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் என்றால் கட்டியிருப்பார்கள்.

“எனக்கு எப்டிம்மா தெரியும்?” என்றார். “நான் அத ஒருநாளும் பாக்கலியே. எட்டு மணிக்கு எழுந்தாத்தாம்மா பூந்தமல்லியில எனக்குக் கடைசி பஸ்ஸு.”

நாகவல்லி சலங்கையைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துவிட்டால் தேவலை என்று துலுக்கானம் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.