காற்றுக்குப் பட்டா கேட்டவர்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த வைரக்கண்ணு, சைக்கிள் வாங்கிய ரசீதைக்கூட லேமினேட் செய்து வைத்திருப்பவர். அப்பேர்ப்பட்டவர் 2006இல் ஒரு வயர்லெஸ் பெட்டி வாங்கினார். டெலிபோன் லைன் எதிர்ச்சாரியில், ஏஞ்சல் மேரியின் பேக்கரிக்கு மேல்மாடியிலிருந்த வைரக்கண்ணுவின் வீட்டில் இருந்தது. அங்கிருந்து கம்பியில்லாமல் கடைக்கு இன்டர்நெட் வந்தது. இதற்கு லைசென்ஸே வேண்டாம் என்று விற்றவன் சொன்னபோதுதான், காகிதமே இல்லாததை எவனும் தனதென்பானே என்று பயந்தார்.

பயந்தபடியே ஆயிற்று. தினமும் பதினொரு மணிவாக்கில் நெட் நின்றது, நாலு மணிக்கு மறுபடியும் நின்றது. கடைக்குப் பக்கத்து மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய அரங்கநாதனிடமும் அதேபோல் ஒரு பெட்டி இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? இவர் ஆண்டெனாவை இரண்டடி உயர்த்தினார். அவர் மூன்றடி உயர்த்தினார். இருவருக்கும் நெட் இன்னும் மோசமானது.

வைரக்கண்ணு பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். "எனது அலைவரிசையை மேற்படியார் ஆக்கிரமித்துள்ளார்." ஆக்கிரமிப்பு என்றிருந்ததால் மனு வருவாய்த்துறைக்குப் போனது. மூன்று மாதம் கழித்து வி.ஏ.ஓ. வந்தார்.

"பட்டா இருக்குங்களா?"

"காத்துக்கு ஏதுங்க பட்டா?"

"அப்ப புறம்போக்கு. நீங்களும் மாடு கட்டலாம், அவரும் கட்டலாம். பேசி முடிச்சுக்குங்க."

அரசாங்கத்தில் இவ்வளவு சரியான பதிலை வைரக்கண்ணு கேட்டதில்லை. அதனால் நம்பவில்லை.

2007 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட். ஊரிலேயே முதலில் மார்க் தன் கடையில்தான் தெரியும் என்று போர்டே வைத்துவிட்டார். மகள் தேவயானி தன் தேர்வு எண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். சுற்றி நாற்பது பிள்ளைகள். நெட் நின்றது. காத்திருந்தவர்களுக்குப் பசித்தது, பேக்கரிக்குப் போய்ச் சூடாகப் பப்ஸ் தின்றார்கள். நெட் எழுந்திருக்கவே இல்லை. தேவயானி அழத் தொடங்கினாள்.

வைரக்கண்ணு அரங்கநாதன் மாடிக்குப் பாய்ந்தார். "நிறுத்துய்யா ஒன் பெட்டிய!"

"காலையிலேயே நிறுத்திட்டேங்க. ஒங்க பொண்ணு ரிசல்ட்டாச்சே."

வைரக்கண்ணுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இறங்கி, நெட் நிற்கும்போதெல்லாம் ஆத்திரம் தணியப் பப்ஸ் தின்னும் அதே பேக்கரி வாசலில் போய் நின்றார். உள்ளே மைக்ரோவேவ் அடுப்பு மணியடித்து ஓய்ந்தது.

"அப்பா, வருதுப்பா!" தேவயானி எதிரிலிருந்து கத்தினாள்.

ஏஞ்சல் மேரி அவருக்கென்று ஒரு பப்ஸை உள்ளே வைத்து அடுப்பைத் திருகினாள்.

"ஐயோ, நின்னுடுச்சு!"

வைரக்கண்ணு அடுப்பைப் பார்த்தார். அதற்கு நேர்மேலே தன் பெட்டியிருந்த மாடியைப் பார்த்தார். பெட்டி ஓடிய அதே அலைவரிசையில்தான் அடுப்பும் ஓடியது. "தங்கச்சி! அத நிறுத்தும்மா!"

அடுப்பு நின்றது. ஆயிரத்து நாற்பத்தொன்று என்ற கூச்சல் தெருவைத் தாண்டி வந்தது.

"இம்புட்டு நாளா இதுதானாண்ணே?" என்றாள் ஏஞ்சல் மேரி. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

அந்த நவம்பரில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமானபோது, மனுவும் மேல்நடவடிக்கைக்காக அங்கே மாற்றப்பட்டது. விசாரணைக்கு வந்த புது அதிகாரி, மனுதாரரும் எதிர்மனுதாரரும் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன பப்ஸ் தின்பதைப் பார்த்தார்.