டிரில் சாரின் சாப்பாட்டு ஜெபம்

"என்னதுன்னு சொன்ன?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்கிறார் ஞானையன். கூப்பிய கைகள் மூக்கு நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அகலமான வெள்ளைத் தட்டோடு பக்கத்தில் நிற்கும் பரிமாறுகிறவர், காலையில் மனப்பாடம் செய்த பெயரை இரண்டாவது தடவையாக ஒப்பிக்கிறார். "பீட்ரூட், ஸ்மோக்டு கர்ட், டில் ஆயில், சார்." ஞானையன் தலையை அசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். "பரலோகப் பிதாவே, இந்த பீட்ரூட்டுக்காகவும், புகை காட்டின தயிருக்காகவும், அந்த மற்ற எண்ணெய்க்காகவும் உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்."

பேர் தெரியாத பண்டத்துக்கு நன்றி சொல்வது அவரைப் பொறுத்தவரை பொய்ச்சாட்சி. "என்னத்துக்கு நன்றி சொல்லுதோம்ன்னு நமக்கே தெரியாட்டி, கேக்குதவருக்கு எப்பிடித் தெரியும்?" என்பார்.

கோவளத்திலிருந்து பூவார் வரை கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் புதுவகை உணவகங்களில் ஞானையன் உட்காராத மேசை இல்லை என்றே சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் சமையல் பழகித் திரும்பியவர்கள் நடத்தும் கடைகள் அவை. மேசைக்கு விரிப்பு கிடையாது. தலைக்கு மேல் மஞ்சள் பல்பு தொங்கும். தட்டு பெரிது, உள்ளே இருப்பது சிறிது. அன்றன்று கிடைப்பதை வைத்துத்தான் சமையல் என்பதால் உணவுப் பட்டியல் ஒரே ஒரு தாள். மீன் எந்த வள்ளத்தில் வந்தது, கீரை யார் வீட்டுப் பின்புறத்தில் முளைத்தது என்பதெல்லாம் அந்தத் தாளில் அச்சாகியிருக்கும். பொரித்தவர் பெயர் மட்டும் இருக்காது.

ஆறடி உயரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இரட்டை வேட்டி. பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் சாராக இருந்தவர். விசில் தொலைந்த நாட்களில் விசில் இல்லாமலே விளையாட்டு விழா நடத்திய தொண்டை அது. ஓய்வு பெற்றபின் மைதானம் போனது, தொண்டை போகவில்லை. அவர் "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தால் அந்த உணவகத்தின் மற்ற மேசைகளும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கழக்கூட்டத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் இளைஞர்கள் சாப்பாட்டைப் படமெடுப்பதைப் பாதியில் நிறுத்துவார்கள். வெள்ளைக்கார அம்மாள்கள் இது உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்துத் தலைகுனிவார்கள்.

தட்டுக்கு ஒரு ஜெபம் என்பது சட்டம். ஏழு தட்டு வந்தால் ஏழு ஜெபம். மனைவி தங்கபாய் ஒருமுறை கேட்டார்: "எல்லாத்துக்குமா சேத்து முதல்லயே ஒண்ணு பண்ணினா என்ன? ஆறிப்போவுது இல்லியா?"

"ஒரே சீட்ட வச்சு ஏழு பஸ்ஸில போக ஒக்குமா, பிள்ளே?"

அவர் வாய்விட்டு ஒரு சாப்பாட்டை நல்லது, கெட்டது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லாம் ஜெபத்திலேயே இருக்கும். 'நிறைவாய்த் தந்தீர்' என்றால் பிடித்திருக்கிறது. 'நீர் அளந்து தந்த' என்றால் தட்டில் ஒன்றும் இல்லை. 'எங்கள் தகுதிக்கேற்பத் தந்தீர்' என்று வந்துவிட்டால் அந்தக் கடைப்பக்கம் மறுபடி போகமாட்டார்கள் என்று தங்கபாய் கைப்பையை எடுத்துக்கொள்வார்.

ஜெபத்தில் கண்ணைத் திறப்பது அவர் அகராதியில் பெருங்குற்றம். "கண்ணத் தொறந்து பண்ணினா அது ஜெபமில்ல, வேடிக்கையாக்கும்." பள்ளிக்கூடத்துக் காலை அணிவகுப்பில் யார் கண்ணைத் திறந்தார்கள் என்று ஜெபம் முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முட்டி போட வைப்பார். மகள் ஷிஜிக்கு ஏழு வயசிருக்கும்போது வீட்டு ஜெபத்தில் அப்படிப் பிடிபட்டாள். "நான் தொறந்தது உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்? நீங்க மூடியிருந்தீங்க இல்லியா?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாகத் தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது. கேள்விக்கு விடை இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் கண் திறந்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை.

அவருடைய சாப்பாட்டு ஜெபத்துக்கு ஒரு கடைசி வரி உண்டு. அந்தப் பக்கத்துச் சபை வீடுகளில் எல்லாரும் சொல்லுவதுதான்: "இதை ஆயத்தம்பண்ணின கைகளையும் ஆசீர்வதியும்." வீட்டில் தங்கபாயின் கைகளுக்கும், வெளியில் முகம் தெரியாத சமையற்காரர்களின் கைகளுக்கும் அதைத் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் அந்த வரி நின்றுபோயிற்று.

நின்றதற்குக் காரணம் ஷிஜி. எம்.பி.ஏ. படிக்க இங்கிலாந்துக்குப் போனாள். போகும்போது சபையில் வழியனுப்பு ஜெபம் நடந்தது. ஞானையன் புதுச்சட்டையில் முதல் வரிசையில் நின்றார். அவள் போய்ச் சேர்ந்தது கிழக்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். செலவுக்காக அங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவ நுழைந்தாள். பிறகு மீன் செதில் உரித்தாள். பிறகு அடுப்புக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். படிப்பு முடிந்தது, அடுப்பு முடியவில்லை. அந்த ஊர்க் கடலில் கிடைப்பதை அந்த ஊர்க்காரர்கள் சமைப்பதைப்போல, நம் கடலில் கிடைப்பதை நான் சமைப்பேன் என்று ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். இப்போது பூவாரில், ஆறு கடலில் சேரும் பொழிக்கரையில் இருக்கும் உணவகம் ஒன்றில் சமையற்கட்டு முழுவதும் அவள் பொறுப்பு.

சபையில் கேட்டவர்களுக்கு ஞானையன் சொன்னது ஒரே சொல்: "மேனேஜ்மெண்டில உண்டு." எம்.பி.ஏ. படித்தவளைப் பற்றி அதைப் பொய் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் கைகளை ஆசீர்வதியும் என்று கண்ணை மூடிச் சொல்லும்போது, கரண்டி பிடித்த கை ஒன்று உள்ளே தெரிந்திருக்க வேண்டும். வரியையே எடுத்துவிட்டார். மகளைத் தவிர்க்கப்போய், மூன்று வேளையும் ஆக்கிப்போடும் தாயின் கைகளும் ஆசீர்வாதத்தை இழந்தன.

"எனக்க கை என்ன பாவம் செஞ்சுது?" என்று தங்கபாய் கேட்டுப்பார்த்தார்.

"ஜெபத்தில கணக்குப் பாக்காத."

ஷிஜியும் கேட்டாள், அப்பாவிடம் அல்ல. "அப்பா வந்து ஒருநேரம் சாப்பிடட்டும்மா. நல்லாருக்குன்னு சொல்லண்டாம். அந்தக் கடைசி வரிய மட்டும் எனக்க சாப்பாட்டுக்குச் சொன்னா போதும்."

கடற்கரை முழுக்கச் சாப்பிட்டுத் திரிகிறவர் அந்த ஒரு வாசலில் மட்டும் வண்டியை நிறுத்தியதில்லை. கடைசியில் தங்கபாய் தன் பிறந்தநாளை ஆயுதமாக எடுத்தார். "எங்கயாவது கூட்டிட்டுப் போணும்ன்னா பூவாருக்குப் போவோம். இல்லேன்னா வீட்டில கஞ்சி."

"அங்க என்ன இருக்கு?"

"உங்களுக்க மக உண்டு."

"அவ மேனேஜ்மெண்டில இல்லியா?"

"அந்தப் புளுக சர்ச்சுல வச்சுக்கிடுங்க. நான் அவளப் பெத்தவ."

சனிக்கிழமை மத்தியானம் போனார்கள். சமையற்கட்டுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடிதான் சுவர். உள்ளே தலையில் துணி கட்டி, குனிந்து நிற்கிற ஷிஜி வாசலிலிருந்தே தெரிந்தாள். ஞானையன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கண்ணாடிக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். "கடலு பாக்கணும்" என்றார். அந்த நாற்காலியிலிருந்து தெரிந்தது தென்னை மரமும் ஒரு மின்கம்பமும்.

பரிமாற வந்தவர் ஓமனா. கறுப்பு ஏப்ரன், ஐம்பதைத் தாண்டிய வயசு, பேச்சில் மலையாளமும் தமிழும் பாதிப்பாதி. "சாரே, குடிக்க வெள்ளம் சாதாவா, கேஸ் அடைச்சதா?"

"கேஸ் எனக்கு வயித்திலேயே உண்டு."

ஓமனா சிரித்துக்கொண்டே போய் ரொட்டி கொண்டுவந்தார். புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டி, கடல்பாசி கலந்த வெண்ணெய். காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை எதற்கு முதலில் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஞானையன் கண்ணை மூடினார். பெயர் கேட்டார், நன்றி சொன்னார், "எங்கள் தகுதிக்கேற்பத் தந்தீர், ஆமென்" என்று முடித்தார். அந்தக் குரலுக்குக் கண்ணாடி ஒரு பொருட்டில்லை. உள்ளே ஷிஜியின் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியதை தங்கபாய் பார்த்தார். கைப்பையை எடுக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார்.

அடுத்தது சிப்பி. ஒரு தட்டுக்கு மூன்று சிப்பி, மேலே பச்சையாக நுரை.

"இது என்னது?"

"பட்டாணிப் பத, சாரே."

"பதையா? துணி அலவுத சோப்புப் பத மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, "நீர் அளந்து தந்த இந்தச் சிப்பிக்காகவும், பட்டாணிப் பதைக்காகவும்" என்று ஆரம்பித்தார். கடைசி வரி வரவேண்டிய இடத்தில் 'ஆமென்' வந்தது.

"பிறந்தநாள் எனக்காக்கும்," என்றார் தங்கபாய். "எனக்காகவாவது அந்த வரியச் சொல்லலாம்."

"தின்னு. பத அடங்கிரும்."

பிறகு மீன் வந்தது. சிலுவையன் வள்ளத்து நெய்மீன் என்று தாளில் போட்டிருந்தது. தோல் மொறுமொறுவென்று மேலே, அடியில் கருகவிட்ட வெண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது, ஓரத்தில் மாங்காய்த் துண்டு, கிண்ணத்தில் விரல் பருமனுக்கு வறுத்த மரச்சீனிக் கிழங்கு. ஓமனா தட்டை வைத்து, பெயர்களைச் சொல்லி, இந்த மேசையின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டவராகக் கைகட்டி நின்றார். ஜெபம் வரவில்லை.

ஞானையன் முள்கரண்டியைத் தொடவில்லை. கையாலேயே ஒரு துண்டு பிட்டார். அதை வெண்ணெயில் ஒற்றினார். மாங்காயோடு சேர்த்து வாயில் போட்டார். இரண்டாவது துண்டைப் பிட்டார். மரச்சீனியைக் கடித்தார். மீனில் பாதி காணாமல் போயிருந்தது. தங்கபாய்க்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைக்கூட அந்த மனிதர் ஜெபிக்காமல் குடித்ததில்லை.

"இஞ்ச பாருங்க."

"உம்?"

"ஜெபம்."

கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ஞானையன் தட்டைப் பார்த்தார். களவு நடந்த வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கொழப்பமில்ல சாரே," என்றார் ஓமனா. "தெய்வம் கண்டிருக்காது."

"கண்டாரு," என்றார் ஞானையன்.

கண்ணை மூடப்போனவரை தங்கபாய் தடுத்தார். "பஸ்ஸு பாதி தூரம் வந்தாச்சு. இனி சீட்டு எடுத்தா பைன் உண்டு. தின்னு முடியுங்க." அவர் தின்று முடித்தார். தட்டில் மிச்சமிருந்த வெண்ணெயைக் காய்ச்சல்காரன் ரொட்டியால் துடைத்தார். துடைத்த ரொட்டியையும் தின்றார்.

"இது ஆரு ஆக்கினது?" என்று ஓமனாவிடம் கேட்டார். எத்தனையோ தட்டுகளுக்குப் பெயர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை எங்கும் கேட்டதில்லை.

ஓமனா வாயைத் திறப்பதற்குள் தங்கபாய் சொன்னார்: "மேனேஜ்மெண்டு."

கடைசித் தட்டை ஓமனா கொண்டுவரவில்லை. ஷிஜியே கொண்டுவந்தாள். மணிக்கட்டில் அடுப்பு சுட்ட தழும்பு ஒன்று பழையது, ஒன்று புதியது. தட்டை அப்பா முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடிப் பக்கமாக இரண்டடி பின்வாங்கி, கைகளை ஏப்ரனுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றாள்.

"என்னதுன்னு சொன்ன?" என்றார். அவள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கருப்பட்டிப் புட்டிங் அப்பா. இஞ்சி ஐஸ்கிரீம்."

ஞானையன் எழுந்தார். நாற்காலி பின்னால் இழுபட்ட சத்தத்தில் எல்லா மேசைகளும் திரும்பின. அவர் கண்ணாடிப் பக்கமாகத் திரும்பி நின்று கைகளைக் கூப்பினார். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் எழுந்தது. கடலுக்காக நன்றி சொன்னார். சிலுவையனுக்காகவும் அவர் வள்ளத்துக்காகவும் சொன்னார். ஜெபிக்காமல் உண்ட மீனுக்காக மன்னிப்புக் கேட்டு, "அதை நிறைவாய்த் தந்தீர்" என்றார். கருப்பட்டிக்கு வந்தார், இஞ்சிக்கு வந்தார். சூடான புட்டிங்கின் மேல் ஐஸ்கிரீம் சரிந்து, ஓடி, தட்டின் விளிம்பில் தேங்கியது. பக்கத்து மேசைப் பையன்கள் தலைகுனிந்திருந்தார்கள். தங்கபாய் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஷிஜி மட்டும் மூடவில்லை; இப்போது கிள்ளுவதற்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்தாள்.

"இதை ஆயத்தம்பண்ணின," என்றார் ஞானையன். நிறுத்தினார். "ஆயத்தம்பண்ணின கைகளையும் ஆசீர்வதியும்."

ஆமென் சொல்வதற்கு முன், கூப்பிய விரல்களுக்கு மேலாக, வலது கண்ணை மட்டும் நூலளவு திறந்து, அவள் கேட்டாளா என்று பார்த்தார்.