ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நெஞ்சு

ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் 1968ஆம் ஆண்டு மனிதர்கள் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். குதிரை ஒன்று இருந்தது. அந்த ஒன்றும் மரியகுழந்தையின் ஜட்கா வண்டியில் பூட்டிய, வயது யாருக்கும் நிச்சயமில்லாத பழுப்புப் பெண்குதிரை. நிலவரம் இப்படி இருக்க, அந்த இரண்டாயிரம் பேரில் ஒருவரான ஏகநாதன் பெங்களூருக்குப் போய்க் குதிரை வைத்தியம் பழகினார் என்பதை, ஊரின் தேவைகளைத் தீர ஆராய்ந்து எடுத்த முடிவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அது அவர் எடுத்த முடிவும் இல்லை. கால்நடை வைத்தியம் படித்தவர்கள் கடைசி ஆறு மாதம் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை பழக வேண்டும். யாருக்கு எந்த வார்டு என்று சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டுக்கும் ஆள் தெரியும் போலிருக்கிறது. நன்றாகப் படித்தவர்களுக்கு மாடு வந்தது, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நாய் வந்தது, ஏகநாதனுக்குக் குதிரை வந்தது.

செய்தியைக் கேட்டதும் அவருடைய அப்பா முனிரத்தினம் சற்று யோசித்தார்.

“மாடுன்னா பால் குடுக்கும். கோழின்னா முட்ட குடுக்கும். குதிர இன்னாடா குடுக்கும்?”

“உத குடுக்கும் நைனா.”

“அதுக்குப் பெங்களூர் வரைக்கும் போவணுமா? நானே குடுத்திருப்பனே.”

முனிரத்தினம் சுரங்கத்தில் டிரில் போடுகிறவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, தரைக்கு அடியில் ஒரு மைலுக்கு மேல் போய், வெடி வைப்பதற்காகப் பாறையில் துளை போடுவது இருபத்தெட்டு வருடமாக அவர் தொழில். பீடி கிடையாது, சாராயம் கிடையாது. ஒரு புயல் மழையில் சரிந்த தகரக் கூரையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான்களை வெளியே எடுக்கும்வரை தனியாளாக முதுகில் தாங்கியவர். லைன்காரர்கள் சொல்லும் கதையில் அந்தக் கூரைக்கு வருடா வருடம் ஒரு தகடு கூடிக்கொண்டே வந்தது. லைனில் வலிமையைப் பற்றி என்ன பேச்சு வந்தாலும் அவர் பெயரில்தான் முடியும்.

பெங்களூர்க் குதிரை வார்டில் இருந்தவை பெரும்பாலும் பந்தயக் குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு தலைமுறை எழுதி வைத்திருந்தார்கள். ஏகநாதனுக்குத் தெரிந்தது மூன்று தலைமுறை. அதில் முதல் தலைமுறை வட ஆற்காட்டிலிருந்து மூட்டையோடு நடந்து வந்தது. ஆகவே அவர் உரிய மரியாதையோடு சாணம் அள்ளினார், காலையில் காய்ச்சல் பார்த்தார், குளம்பைத் தூக்கிக் கழுவினார். வாக்குக் கொடுத்தபடி உதையும் இரண்டு வாங்கினார்.

அங்கே அவர் முதலில் பழகிய வித்தை, குதிரைக்குத் தெரியாமல் அதன் மூச்சை எண்ணுவது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் குதிரை மூச்சை மாற்றிக்கொள்ளும். அதனால் வேறு வேலையாக வந்தவர் போலச் சற்று தள்ளி நின்று, கையில் கடிகாரமும் கண் விலாவிலுமாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது இதை அப்பாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். சும்மா நிற்கும் நல்ல குதிரைக்குப் பதினாறைத் தாண்டாது; மனிதனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ஒரு கிழக் குதிரை வந்தது; பல வருடம் தூசி வைக்கோல் தின்று நெஞ்சு கெட்டது. அது மூச்சை விட்டு முடித்த பிறகு, உள்ளே தங்கியதை வெளியே தள்ள வயிற்றை இன்னொரு முறை எக்கியது. ஒரு மூச்சுக்கு இரண்டு எக்கல். ஏகநாதனுக்கு அதை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. எங்கே என்று யோசிக்க அவர் விரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். முனிரத்தினம் சட்டையில்லாமல் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மகன் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். கடிகாரம் பேப்பருக்கு அடியில் இருந்தது.

இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எக்கல்.

“இன்னாடா கடியாரத்தயே பாத்துக்கினு கீற? இப்பதான வந்த, அதுக்குள்ள ரயிலுக்கு நேரமாயிடிச்சா?”

“ஒண்ணுமில்ல நைனா.”

அடுப்படியில் அம்மா ரத்தினம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். “அவுரு படுத்துத் தூங்கி மூணு மாசமாவுதுடா. உக்காந்துக்கினே தூங்கறாரு. கேட்டா, பாயில மூட்டப்பூச்சிங்கறாரு. நீ பெரிய பெரிய குதிரைக்கெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பு வெச்சுப் பாக்கற இல்ல, அவுருக்கும் ஒரு தபா வெச்சுப் பாரேன்.”

மகன் கேட்டுப் பார்த்தார். முனிரத்தினம் டீக் கிளாஸை ஓசையில்லாமல் கீழே வைத்தார். அது அவர் கோபத்தின் உச்சம்.

“நான் இன்னா குதிரயா? மரியகுழந்த குதிர இருமிக்கினே கீது, அதுக்குப் போய் வெய்யி.”

“நான் பாக்க வாணாம் நைனா. சுரங்க ஆஸ்பத்திரில நெஞ்சு போட்டோ எடு. அது போதும்.”

“எடுத்தா? இவன் நெஞ்சு சரியில்லன்னு மேல வேலைல போட்டுருவானுங்க. கீழ போறவரைக்கும்தான்டா நான் முனிரத்தினம். மேல வந்தா எவனோ ஒரு ஆளு. போட்டோவும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

இதற்கு மேல் ஏகநாதனுக்கு வழி இல்லை. சட்டப்படி அவர் தொடக்கூடிய நெஞ்சு நான்கு கால் உள்ளவற்றுடையது மட்டும். அப்பாவோ போட்டோவுக்குப் போகமாட்டார். ஒவ்வொரு ஷிப்டும் இன்னும் கொஞ்சம் தூசியைச் சேர்க்கும். ரயில் பங்காருபேட்டை போய்ச் சேர்வதற்குள், அப்பாவே வாயால் ஒரு வழி சொல்லியிருக்கிறார் என்பது மகனுக்கு விளங்கியது.

பயிற்சியில் இருந்தவர்கள் தங்கள் ஊரில் ஒரு பிராணியைச் சோதித்து, விவரத்தை அச்சடித்த நோட்டில் எழுதிப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அடுத்த ஞாயிறு காலை, மரியகுழந்தையின் குதிரை லைன் குழாயடிக்கு மருத்துவச் சோதனைக்காகக் கொண்டுவரப்பட்டது. குடம் வைத்திருந்தவர்கள் குடத்தை மறந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கப் போனவர்கள் எழுந்து வந்தார்கள்.

ஏகநாதன் குதிரையின் இடது பக்கம் நின்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“இன்னா சொல்லுதுப்பா?” என்றார் எதிர்வீட்டுச் சரோஜம்மா.

“மரியகுழந்தய வண்டில கட்டி, தான் ஏறி உக்காரணுமாம்” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“எங்க ரெண்டு பேருக்கும் வெச்சுப் பாருப்பா, யாரு இழுக்கறதுன்னு முடிவு பண்ணிரலாம்” என்றார் மரியகுழந்தை.

ஏகநாதன் சிரிக்கவில்லை. நோட்டைப் பார்த்து, உயில் வாசிக்கிறவர் குரலில் அறிவித்தார்: “சோதன முழுமயாவணும்னா, ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத மனுச நெஞ்சு ஒண்ணு வேணும். ரூலு.”

மரியகுழந்தை உடனே சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

“மாமா, நீங்க பீடி. ஒத்துக்க மாட்டாங்க.”

சரோஜம்மா தன் வீட்டுக்காரரை முன்னால் தள்ளினார். அவர் முதல் நாள் மாலை சாப்பிட்ட சாராயத்தின் வாசனை குதிரைக்கே பிடிக்கவில்லை. அவரும் நீக்கப்பட்டார். மூன்றாமவருக்கு ஆஸ்துமா. நான்காமவரைப் பார்த்த ஏகநாதன் உதட்டைப் பிதுக்கினார்; அவர் வருத்தத்தோடு திரும்பிப் போனார்.

வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருந்தார். நான்கு நெஞ்சுகள் தள்ளுபடியான பிறகு அவரால் முடியவில்லை. எழுந்தார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார்.

“இந்த லைன்ல நல்ல நெஞ்சு எதுன்னு குழாயடில நின்னு கேக்கற. எழுதிக்கடா.”

கூட்டம் கைதட்டியது. ரத்தினம்மா தட்டவில்லை.

மகன் அப்பாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இரு விலாவின் அடியிலும் காய்ந்த சருகை யாரோ விரலால் மெல்ல நசுக்குவது போன்ற சத்தம். அது முடியும் என்று காத்திருந்தார். முடியவில்லை.

“அப்புறம் இன்னா?” என்றார் அப்பா.

அடுத்தது என்ன என்று ஏகநாதனுக்கே தெரியாது. கேட்டது போதும், நிறுத்தியிருக்கலாம். ஆனால் குதிரை நோட்டில் ‘ஓட்டத்துக்குப் பின்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. கூட்டமே அதை நிரப்பியது: “சயனைடு மேடு வரைக்கும் ஓட்டிப் பாருப்பா! ரெண்டு பேரயும்!”

சுரங்கத்து வெள்ளை மண் மலையாகக் குவிந்திருந்த அந்த மேடு ஒரு பர்லாங் தூரம். மரியகுழந்தை குதிரையைக் கையில் பிடித்து ஓட்டினார்; பக்கத்தில் முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். போகும்போது இரண்டு பேரும் சமமாகவே போனார்கள். திரும்பும்போது குதிரை முதலில் வந்தது. முனிரத்தினம் வந்து சேர ஜனங்கள் சற்று காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குதிரையும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு வயிறும் ஒரே மாதிரி எக்கின, மூச்சு ஒன்றுக்கு இரண்டு முறை. யாரும் சொல்லாமலே சிரிப்பு நின்றது. சரோஜம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டு வந்து, முனிரத்தினத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் கழித்துக் குதிரைக்கு இருபத்திரண்டு. முனிரத்தினத்துக்கு முப்பத்தெட்டு.

“இன்னாப்பா, என் குதிரைக்கு இன்னா?” என்றார் மரியகுழந்தை. அவர் குரலும் இறங்கியிருந்தது.

ஏகநாதன் குதிரையைப் பார்த்தே பேசினார். “தூசி நெஞ்சுக்குள்ள போயிடிச்சி மாமா. உள்ள போனது வராது. அதுக்கு மருந்து கெடயாது. இன்னும் போவாம பாத்துக்கலாம். காத்தோட்டமா கட்டுங்க. பார வேல வாணாம். வைக்கோலத் தண்ணி ஊத்தி நனச்சுப் போடுங்க.”

“நனச்சா லேட்டாவுமே. காஞ்சதுன்னா சட்டுனு போட்டுட்டுப் போயினே இருப்பன்.”

“லேட்டாவட்டும் மாமா.”

முனிரத்தினம் தோளிலிருந்த சட்டையை எடுத்துப் போடத் தொடங்கினார். ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றார். டிரில்லுக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. பாறைத் தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் துளை போட வேண்டும். ஆனால் தண்ணீர் விட்டால் சேறு மேலெல்லாம் தெறிக்கும், வேலை மெதுவாகும். மேற்பார்வைக்காரர் அந்தப் பக்கம் போனதும் குழாயை மூடிவிட்டு உலர்ந்த பாறையிலேயே போட்டுவிட்டால் சட்டென்று முடியும். கீழே மற்றவர்கள் ஐந்து துளை போடுவதற்குள் முனிரத்தினம் ஏழு போடுவார் என்று பெயர். அந்த இரண்டு துளை எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் அந்தக் குழாய்க்கும் மட்டும் தெரியும்.

அவர் இன்னொரு கையையும் நுழைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அன்று மாலை, மகனை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தார். ஐந்து வருடப் படிப்பில் அதுவே முதல் முறை. நடுவில் இரண்டு இடத்தில், கடையைப் பார்ப்பது போல நின்று நின்று வந்தார். பிளாட்பாரத்தில் கையை நீட்டினார்.

“அந்த நோட்டக் காட்டு.”

அச்சடித்த கட்டங்கள்: இனம், நிறம், வயது, உரிமையாளர். எல்லாம் குதிரைக்கு. அடியில் பென்சிலால் மகன் எழுதியிருந்தார்: ‘ஒப்பீட்டு நெஞ்சு. ஆண். வயது 52.’

“ரூலுன்னு சொன்னியே. அது எங்க கீது?”

“இல்ல நைனா.”

முனிரத்தினம் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். “குதிரைக்குத் தெரியாம எண்ணணும்னு சொன்னியே, அது மட்டும் நல்லா கத்துக்கினு வந்திருக்க” என்றார். வண்டி வந்தது. “ஏறு.”

பத்து நாள் கழித்து ரத்தினம்மா சொல்லச் சொல்ல, சரோஜம்மாவின் மகள் பத்மா எழுதிய கடிதம் பெங்களூருக்கு வந்தது. ‘உன் நைனா செவ்வாய்க்கிழமை தானாகப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார். மேலே லாம்பு ரூமில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் பேசுவதில்லை. மற்றபடி சௌக்கியம். மூட்டைப்பூச்சி இருப்பதால் இன்னும் உட்கார்ந்துதான் தூங்குகிறார்.’

பேராசிரியர் சிவப்புப் பென்சிலோடு நோட்டைப் புரட்டினார். கடைசி வரியில் நின்றார்.

“இந்த இரண்டாவது கேஸுக்கு என்ன ஆயிற்று? முடிவு எழுதவில்லையே?”

“தரைமேல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், சார்.”

அவர் ஏகநாதனை நிமிர்ந்து பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஏகநாதன் பங்காருபேட்டை வட்டாரத்தில் அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருபத்தெட்டு வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வைத்தியம் பார்த்தார். குதிரை ஒன்றுகூட வரவில்லை. ஊரில் மட்டும் கடைசிவரை குதிரை டாக்டர் என்றுதான் சொன்னார்கள்.

முனிரத்தினம் லாம்பு ரூமில் ஆறு வருடம் இருந்தார். கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கை எடுத்துக் கொடுப்பது வேலை. டிரில் போடுகிறவர்கள் வந்தால் மட்டும் விளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “தண்ணியத் தொறந்து வுட்டுப் போடு” என்பார். சரி என்று சொன்ன பிறகுதான் கொடுப்பார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இளவட்டங்கள் சொல்லிக்கொண்டன.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஜட்கா ஸ்டாண்டில் நிற்பார். மரியகுழந்தை காய்ந்த வைக்கோலைத்தான் போட்டு வைத்திருப்பார்; எத்தனை சொன்னாலும் அவருக்கு அவசரம். முனிரத்தினம் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு வந்து ஊற்றுவார். ஒரு வாளி தூக்கினால் கொஞ்சம் நின்று மூச்சு வாங்க வேண்டும். அப்புறம் அடுத்த வாளி. மேலாக நனைந்தால் போதாது என்று வைக்கோலைக் கையால் கிளறி, அடியில் இருப்பதையும் தொட்டுப் பார்ப்பார். லாம்பு ரூம் சங்கு ஊதிவிடும். அவர் நகரமாட்டார். குதிரை அவர் தோள் மேலாகக் கழுத்தை நீட்டிக் காத்துக்கொண்டிருக்கும்.