உப்பு கூடிய தட்டு

பக்கத்து அறையில் செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் கீச்சென்று அலறியது. ஆறு வருடக் கோபத்தை விட்டுவிட்டு அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போக வந்திருந்த தம்பியைத் தனியே உட்கார வைத்துவிட்டு, ஆய்வகத்துக்காரி எழுந்து ஓடினாள்.

பெட்டிக்குள் சூடு இறங்கியிருந்தது. கண்ணாடித் தட்டுகளில் இருந்த செல்களை இப்போதே எண்ணாவிட்டால் நாற்பது நாள் உழைப்பும் பாழ். சாதாரண அளவு உப்பில் வளர்ந்த எலிச் செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் அடங்கி நின்றன. உப்பு கூடிய தட்டுகளில் புற்றுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தன.

"இந்த எலிதான் உனக்குச் சொந்தமாக்கா?" வாசலில் தம்பி.

"பத்தே தட்டுடா ராஜா. உட்காரு."

"அம்மா மூச்சு இழுத்தப்பவும் போன்ல இதத்தானே சொன்னே?"

நீர் முட்டிய கண்ணுக்குத் தட்டு கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தம்பியின் செருப்புச் சத்தம் விலகிப்போனது. கதவு சாத்திக்கொண்டது.