பழைய விலை எல்லாம் தெரிந்தவர்

பாண் வாங்கப் போன இடத்தில் நடராசா அண்ணை சண்டை பிடித்துவிட்டார்.

ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் சென்டரில் பாணும் கேக்கும் சுட்டு விற்கிற கடை. சனிக்கிழமை. பின்னால் சனம் வரிசையில் நிற்கிறது. அண்ணை ஒரு பாணை விரலால் காட்டினார். கடையில் நின்ற பிள்ளை அதைப் பையில் போட்டுக் கொடுத்தது. இவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒற்றைக் குரோணர் நாணயக் குற்றியை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் ஓட்டை உள்ள அந்தச் சின்னக் குற்றி.

வைத்துவிட்டு நின்றார்.

ஏன் நிற்கிறார்? மிச்சக் காசுக்கு நிற்கிறார்!

பிள்ளை விலையைச் சொன்னது. இருபத்தைந்து குரோணருக்கு மேலே. அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு இறாத்தல் பாணுக்கு இவ்வளவு காசோ, இது பகல் கொள்ளை என்று தமிழில் தொடங்கினார். நான் காசைக் கொடுத்தேன். இவர் பகிடி விடுகிறார் என்று பிள்ளைக்கு நொஸ்க் மொழியில் சொன்னேன். பிள்ளை சிரித்தது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பகிடி என்றுதான் நினைத்தேன். அவரைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நடராசா அண்ணை என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறார். தனி ஆள். மனைவி பரிமளம் அக்கா இங்கே வந்து கொஞ்சக் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் வசந்தி. ஒஸ்லோவுக்கு வெளியே, லில்லெஸ்ட்ரோமில் குடும்பமாக இருக்கிறாள். அண்ணை பதினாறு வயதில் யாழ்ப்பாணம் பெரிய கடை வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றவர். ஐம்பதுகள் முழுக்க அங்கேதான் சாமான் நிறுத்தார். என் தகப்பன், எங்கள் அப்பு, தீவில் இருந்து கருவாடு கொண்டுபோய் விற்ற சந்தைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கடை. அந்த நாளில் ஒருவரை ஒருவர் தெரியாது. தெரிய ஒஸ்லோவுக்கு வர வேண்டியிருந்தது.

ஞாயிறு பின்னேரங்களில் எங்களைப் போன்ற கிழடுகள் ஒரு நிலக்கீழ் அறையில் கூடுவோம். முதலில் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாட்டு. சீட்டு அலுத்த பிறகு, தேத்தண்ணி. தேத்தண்ணியோடு விலை கேட்கிற விளையாட்டு.

விளையாட்டு சின்னது. ஒருவர் ஒரு சாமானின் பெயரையும் ஒரு வருடத்தையும் சொல்வார். மற்றவர்கள் அன்றைய விலையைச் சொல்ல வேண்டும். சரியா, பிழையா? நடராசா அண்ணைதான் நடுவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஐம்பத்திரண்டில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்? ஐம்பத்தைந்தில் ஒரு இறாத்தல் சீனி? ஒரு நெருப்புப்பெட்டி? அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விலையோடு நிற்காது. அது எந்த மாதம் ஏறியது, ஏற்றிய முதலாளி என்ன சாட்டுச் சொன்னார், கேட்டுக்கொண்டு நின்ற மனிசி முதலாளிக்கு என்ன பேச்சுப் பேசினாள் — எல்லாம் வரும்.

பங்கீட்டுக் கூப்பன் அரிசி ஒரே நாளில் இருபத்தைந்து சதத்தில் இருந்து எழுபது சதத்துக்குப் போன வருடத்தை அவர் சொல்லக் கேட்க வேண்டும். நாடு முழுக்கக் கடையடைப்பு. பிரதமரே பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். அந்தச் செய்தியை அண்ணை கேட்டது ஒரு சலூன் வாசலில். உள்ளே றேடியோ, வெளியே சனம். பாதி மயிர் வெட்டின ஒருவர் கழுத்தில் துணியோடு எழும்பி வந்து வாசலில் நின்று கேட்டாராம். அவருடைய பெயர்கூட அண்ணைக்குத் தெரியும்.

என் சீட்டுச் சோடி பத்மநாதன் அடிக்கடி சொல்வான் — அண்ணைக்கு மூளை இல்லை, தலைக்குள்ளை ஒரு கொம்பியூட்டர் இருக்கு என்று. அண்ணை ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அவருக்குச் சந்தோசம்.

எனக்கு இந்த விளையாட்டில் ஒரு விசயம்தான் பிடிக்காது. கடைசியில் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்பார்.

மலிவுதான். வாங்கினோமா?

படம் பார்க்க முன்வரிசைக் கலரி டிக்கெட் சதக் கணக்கில்தான். அந்தச் சதம் யாரிடம் இருந்தது? எங்கள் தீவில் இருந்து பட்டணத்துக்கு வள்ளத்தில் போக வேண்டும். வள்ளக் காசு, டிக்கெட் காசு, ஒரு வடை. மூன்றும் சேர்ந்தால் அப்புவின் அரைநாள் உழைப்பு. அதுவும் தவக்காலம் என்றால் அம்மா வாசல் படலையைத் தாண்ட விடமாட்டா. வருடத்துக்கு ஒரு படம் பார்த்தால் பெரிய விசயம். இன்றைக்கு இங்கே தமிழ்க் கடையில் முருங்கைக்காய் விலையைப் பார்த்துத் திட்டுகிறோம். திட்டிக்கொண்டே இரண்டு கட்டு வாங்குகிறோம். எது மலிவு?

சரி. பாண் கதைக்கு வருகிறேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பாண் கடைக் கதையைக் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது யோசிக்கிறேன்... எல்லாரும் சிரித்தபடியால் சிரித்தாரோ?

அன்று விளையாட்டிலும் அவர் ஒன்றையும் பிழை விடவில்லை.

அன்றிரவே வசந்தி டெலிபோன் எடுத்தாள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, ஒரு கிழமைக்குப் போதுமான சோறு கறி சமைத்துப் பெட்டி பெட்டியாகப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். அன்று வந்தவள் பிரிட்ஜைத் திறந்திருக்கிறாள்.

"போன கிழமை வைச்ச பெட்டியள் அப்பிடியே கிடக்கு, மாமா. கேட்டால் சாப்பிட்டனான் எண்டுறார். சீனி வருத்தக் குளிசை மட்டும் முடிஞ்சிருக்கு."

சாப்பிடாமல் மருந்துக் குளிசை. சீனி இறங்கி ஆள் மயங்கி விழும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே நீரிழிவு வருத்தம்.

தகப்பனைத் தன்னோடு லில்லெஸ்ட்ரோமுக்குக் கூட்டிப்போகக் கேட்டிருக்கிறாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். என் வீடு, என் கதவுத் திறப்பு, என் ஞாயிற்றுக்கிழமை. மறதி என்று நீ சொல்கிறாய், சூசையைக் கேள், பத்மநாதனைக் கேள் என்றாராம். அந்தச் சூசை நான்தான். அதுதான் என்னைக் கேட்கிறாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவருக்கு மறதி கிடையாது பிள்ளை, இன்றைக்குக்கூட ஒரு விலை பிழை விடவில்லை என்றேன்.



"மாமா, நீங்கள் எல்லாரும் அவரிட்டை அம்பத்தைஞ்சாம் ஆண்டைத்தானே கேக்கிறியள். நேற்றை ஆர் கேட்டது?"

அப்படியென்றால் வைத்தியரிடம் காட்டு பிள்ளை என்றேன்.

வைத்தியரிடம் போக அண்ணை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சூசை கூட வர வேண்டும். சாட்சிக்கு.

அன்று காலை அவரை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பாணும் சம்பலும் வைத்தேன். சாப்பிட்டார். குளிசையை என் முன்னால் போட வைத்தேன். வசந்தி காரில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

வைத்தியர் ஒரு பெண். நடுத்தர வயது. அவசரப்படாத மனிசி. மொழிபெயர்க்க டெலிபோனில் ஒருவர். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, தமிழ்நாட்டுப் பிள்ளை. அண்ணை பாண் விலையைப் பற்றித் தொடங்கியதும் அது திகைத்துவிட்டது.

"பாண்னா என்ன சார்?"

"பாண் எண்டால் பாண்தான், பிள்ளை. நீங்கள் அதுக்கும் பிரெட் எண்டு இங்கிலீசுதான் சொல்லுவியள்."

வசந்திகூடச் சிரித்தாள்.

வைத்தியர் இது எந்த வருடம் என்று கேட்டார். அண்ணை, வருடம் எதுவானால் என்ன, குளிர் ஒன்றுதானே என்றார். வைத்தியர் மூன்று சொல்லைச் சொல்லி, ஞாபகம் வைத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கேட்டார். அண்ணை, சொல்லை விடுங்கோ, நான் உங்களுக்கு விலை சொல்கிறேன் என்று தொடங்கிவிட்டார். மண்ணெண்ணெய், சீனி, கலரி டிக்கெட், கூப்பன் அரிசி. அந்த டெலிபோன் பிள்ளை மூச்சு விடாமல் மொழிபெயர்த்தது.

வைத்தியர் மறிக்கவில்லை. கூப்பன் என்றதும் அவருக்கே முகம் மலர்ந்தது. உலகப் போருக்குப் பிறகு இந்த நாட்டிலும் கோப்பி கூப்பனுக்குத்தானாம். அவருடைய தாய் ஒரே கோப்பித் தூளை இரண்டு தரம் காய்ச்சிக் குடித்த கதையைச் சொன்னார். அண்ணைக்கு இன்னும் உற்சாகம். இவர் சொல்கிற விலை சரியா என்று வைத்தியர் என்னைக் கேட்டார். எல்லாம் சரி என்றேன். உண்மைதான்.

அண்ணை மகளைத் திரும்பிப் பார்த்தார். கண்டாயோ என்ற மாதிரி.

பிறகு வைத்தியர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். இன்றைக்குக் காலை என்ன சாப்பிட்டீர்கள்?

அண்ணை மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சீட்டு விளையாட்டில் கை வராதபோது சோடியைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. ஒரு சாடை காட்டினால் போதும். கையால் பாணைப் பிய்க்கிற மாதிரிக் காட்டியிருந்தால் பிடித்திருப்பார். இத்தனை நாளும் கடையில், ட்ரெயினில், கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் அவருக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம் — அது அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இடியப்பமும் சொதியும். பரிமளம் அவிச்சவ."

டெலிபோன் பிள்ளைக்கு ஆள் யார் என்று தெரியாது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

"பரிமளம் யாரு சார்?"

"என்ரை மனிசி."

அது அதையும் அப்படியே நொஸ்க்கில் சொன்னது. வைத்தியர் வசந்தியைப் பார்த்தார். வசந்தி கைப்பையின் பட்டியை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டு இருந்தாள்.

வெளியே வந்தோம். வசந்தி கார் எடுக்கப் போனாள். மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டு இருந்தது. நாங்கள் இருவரும் வாசல் கூரைக்குக் கீழே நின்றோம்.

"சூசை, நான் என்ன சாப்பிட்டனான் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"அவ உங்களைத்தானே அண்ணை கேட்டவ."

ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"என்ன சாப்பிட்டனான்?"

"பாணும் சம்பலும். என்ரை வீட்டிலை."

"அப்ப பரிமளம்?"

"அக்கா போய் ஒன்பது வருசம் அண்ணை."

அழவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினார். தெரிந்த விலையைப் பிழையாகச் சொல்லிவிட்ட மாதிரி.

"நான் குளிசை போட்டனானோ?"

"நான் பாத்துப் போட வைச்சனான்."

"எல்லா நாளும் வருவியோ?"

வருவேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எத்தனை நேரம் எடுக்கும்? என் முழங்கால் எனக்குத் தெரியும். என் வயதும் தெரியும். என்னையும் ஒருவர் பார்க்கிற காலம் தூரத்தில் இல்லை.

"ஏலாது அண்ணை."

கார் வந்து நின்றது. வசந்தி இறங்கி வந்து முன் கதவைத் திறந்தாள். அண்ணை ஏறி இருந்து, பெல்ட்டை இழுத்துப் போட்டார். பிறகு மகளிடம் சொன்னார்.

"பிள்ளை, எனக்கு ஒரு அறை ஒதுக்கு. யன்னல் ரோட்டுப் பக்கம் இருக்கோணும்."

அவ்வளவுதான். நான் பின்சீட்டில் இருந்தேன். 

இப்போது அவர் லில்லெஸ்ட்ரோமில். யன்னல் ரோட்டுப் பக்கம்தான். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து சாப்பிட வைக்கிறார்களாம். உடம்பு கொஞ்சம் தேறிவிட்டது. ஞாயிறு பின்னேரம் வசந்தி கொண்டுவந்து விடுகிறாள். விலை விளையாட்டும் நடக்கிறது. நடுவரும் அவரேதான். இன்னும் ஒரு விலைகூடப் பிழை விடவில்லை.

ஒரே ஒரு மாற்றம். தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கேள்வி. மத்தியானம் என்ன சாப்பிட்டாய்? பத்மநாதன் கொண்டுவந்த சட்டம். வயது பார்ப்பதில்லை, எல்லாரும் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு இரண்டு பேர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்கள். அதில் ஒருவன் நான்.