சாவி கிரிவலம் போயிருந்தது

1. இரண்டு ஆர்ச்சுகள்

கிராம சுகாதார செவிலியராக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே வழி தெரியாமல் அலைந்தேன். குழந்தைக்கு எடை பார்க்க வேண்டிய வீடு கண்ணெதிரே தெரிகிறது. மாடியில் காயும் துணிகூடத் தெரிகிறது. போக மட்டும் முடியவில்லை. நடுவில் மதில்.

அடி அண்ணாமலைக்கு வெளிப்புறம், கிரிவலப் பாதைக்கும் பைபாசுக்கும் இடைப்பட்ட ஊர் அது. பாதையை ஒட்டிப் பழைய தெருக்கள். அதற்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த கொல்லைகள் எல்லாம் மனைகளாகிவிட்டன. மனை போட்டவர் ஒவ்வொருவரும் ஒரு நகர் பெயர் வைத்து, வாசலில் ஒரு ஆர்ச் கட்டி, சுற்றி மதிலும் எழுப்பிவிட்டார். எல்லா நகரின் பெயரிலும் அருணாசலம் உண்டு என்பதால் ஊர்க்காரர்களுக்கே பெயர் நினைவிருக்காது. யானை பொம்மை வைத்தது யானை ஆர்ச், மஞ்சள் பெயிண்ட் அடித்தது மஞ்சள் ஆர்ச். அவ்வளவுதான்.

யானை ஆர்ச்சுக்கு ஊர்ப் பக்கமிருந்து நுழைய வேண்டும். மஞ்சள் ஆர்ச்சுக்குப் பைபாசிலிருந்து. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனால் இதன் ரோடு அதன் ரோட்டில் சேராது. இங்கே ஊசி போட்டுவிட்டு அங்கே போக, ஸ்கூட்டியில் செங்கம் ரோடு வரைக்கும் போய்ச் சுற்றி வருவேன். ஐஸ் பாக்ஸ் வேறு காலிடுக்கில். நடு மதிலில் ஒரு இரும்பு கேட் வைக்கச் சொல்லி இரண்டு நகர்க்காரர்களிடமும் நடையாய் நடந்தேன். "இது எங்க மனை இல்லீங்களே" என்றார்கள். "அவங்க ஒத்துக்கிட்டா எங்களுக்கு ஓகே" என்றார்கள். ஒரு வழியாக வைத்தார்கள். ஆட்டோ போகும் அளவுக்கு அகலம். எனக்கு உலகத்தையே வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

2. சங்கீதா

பழைய தெருவில் சங்கீதா என்று ஒரு பெண். முதல் பிரசவம். புருஷன் முருகன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, லீவு கிடைத்தால் வருவான். மாமியார் கன்னியம்மா கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருந்தாள். மற்ற நாட்களில் அந்தக் கடைக்கு ஈதான் வரும். பௌர்ணமிக்கு விற்பதுதான் அந்த மாதத்துக்கே.

எட்டாம் மாதத்தில் சங்கீதாவுக்கு பிபி ஏற ஆரம்பித்தது. காலில் வீக்கம். மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது ஹை ரிஸ்க். பௌர்ணமிக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணிடுங்க" என்று என்னிடம் தனியாகவே சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். பௌர்ணமி அன்று மதியத்துக்கு மேல் எங்கள் ஊர் ஒரு தீவு. பாதையில் வண்டி விடமாட்டார்கள். வெளியே செங்கம் ரோட்டில் பஸ் நிற்கும், வேன் நிற்கும், எதுவும் நகராது.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குத் தலைவலி.

"அத்தை விடமாட்டேங்கறாங்க நர்சம்மா" என்றாள் சங்கீதா, தலையைக் குனிந்துகொண்டு.

கன்னியம்மாவின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "கடை முக்கியமா, புள்ள முக்கியமா? மருமவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போய்ப் படுக்க வை."

அவள் மாவைக் கலக்கிக்கொண்டே, "அவ இஷ்டம்மா. நான் இன்னா சொல்றது" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முருகனுக்குப் போன் போட்டேன். "எங்கம்மா கிட்ட பேசிக்கோங்க மேடம், கம்பெனி லைன்ல வேலையா நிக்கறேன்" என்று வைத்துவிட்டான். தினமும் வீட்டுக்குப் போவேன், பிபி பார்ப்பேன், கத்துவேன், திரும்புவேன். "நாளைக்கு நர்சம்மா", "வெள்ளிக்கிழமை வேணாம் நர்சம்மா", "அவர் வரட்டும் நர்சம்மா". ஆளுக்கொரு சாக்கு. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாளும் அவள் நகரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள் ஆர்ச் சங்கச் செயலாளர் கோபாலைப் பார்த்தேன். டைல்ஸ் கடைக்காரர். நல்ல மனுஷன்தான், பேச்சு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

"சார், நாளைக்கு அவசரம்னா ஒரு கர்ப்பிணிய இந்த வழியா பைபாசுக்கு எடுத்துட்டுப் போகணும். நடு கேட் தொறந்திருக்குமா?"

"அதுக்கென்ன மேடம்! அது எப்பவுமே தொறந்துதான இருக்கும்" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

3. பௌர்ணமி

பௌர்ணமி அன்று எங்களுக்குப் பாதையோர மெடிக்கல் கேம்ப்பில் டியூட்டி. கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவதும், மயங்கி விழுந்தவர்களுக்கு ஓ.ஆர்.எஸ் கரைத்துக் கொடுப்பதுமாக வேலை ஓடும். வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். கன்னியம்மா கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் மாவு அப்படியே இருந்தது.

"நர்சம்மா, அவளுக்குத் தலை பொளக்குதாம். கண்ணு மங்கலா கீதுன்னு போன்ல அழுவறா. வாம்மா!"

தலைவலி, கண் மங்கல். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அடுத்தது வலிப்புதான் என்று எங்கள் வேலையில் இருக்கும் யாருக்கும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சங்கீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. பிபி நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. மீண்டும் பார்த்தேன். அதேதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி கொண்டு போங்க. ஒரு நிமிஷம்கூட வீட்டுல வெக்காதீங்க" என்றார். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவர்கள் செங்கம் ரோட்டுக் கூட்டத்துக்குள் வரவே முடியாது என்றார்கள். பைபாஸ் வரைக்கும் வரலாம் என்றார்கள்.

"மஞ்சள் ஆர்ச்சுக்குள்ள வாங்க. கடைசி ரோட்டு முனையில இரும்பு கேட் இருக்கும். அங்க நில்லுங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்றேன். மனதுக்குள் கோபால் சாருக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சேகர் ஆட்டோ எடுத்தான். சங்கீதாவை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கன்னியம்மா. யானை ஆர்ச் வழியாக உள்ளே நுழைந்து கடைசி வரைக்கும் போனோம். கேட் இருந்தது. அதில் பெரிய சங்கிலி சுற்றி, கல்லால் அடித்தாலும் உடையாத ஒரு பூட்டும் தொங்கியது.

4. மதில்

நான் அப்போது என்ன வார்த்தை சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. சேகர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. கூப்பிடு தூரம்கூட இல்லை. ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துக்கொண்டு அந்தப் பையன்கள் எங்களைப் பார்க்கிறார்கள், நாங்கள் அவர்களைப் பார்க்கிறோம். சத்தம் கேட்டுக் கோபால் வந்தார், கூடவே நகர் ஆட்கள் சிலரும்.

"சார், நேத்துதான கேட்டேன்? தொறந்திருக்கும்னு சொன்னீங்களே!"

"மேடம், மத்தியானத்துல இருந்து பைபாஸ்ல வர்ற காரெல்லாம் உள்ள நொழஞ்சிடுச்சி. எங்க வாசல்லயே நிறுத்திட்டு இந்த கேட் வழியா நடந்து போறாங்க. அதான் பூட்டச் சொன்னேன். இருங்க, வாட்ச்மேன் கிட்ட சாவி கீது."

வாட்ச்மேன் அங்கே இல்லை. கோபால் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"சார், நான் கிரிவலம் வந்துட்டேன் சார். குபேர லிங்கத்துகிட்ட கீறேன்."

"சாவி எங்கய்யா?"

"இடுப்புலதான் சார் இருக்குது."

"உடனே திரும்பி வாய்யா!"

"கூட்டத்துல எதிர்ல நடக்க வுடமாட்டேங்கறாங்க சார். முழுசா சுத்திட்டுத்தான் வர முடியும்."

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ஆட்டோவுக்குள் சங்கீதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அத்தை மேல கோவப்படாதீங்க நர்சம்மா" என்றாள். "அவங்க முதல் நாள்ல இருந்தே போகத்தான் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"என்னாடி சொல்ற?" என்றேன்.

"எனக்கு அம்மா இல்ல. வார்டுல தனியா படுக்க பயம். அத்தை கூட வந்தா பௌர்ணமிக் கடை போயிடும். என்னாலதான் கடை போச்சுன்னு ஆயிடும்னு..."

கன்னியம்மா அவளைப் பார்த்தாள். மாவு காய்ந்துபோயிருந்த கையால் அவள் முந்தானையைச் சரிசெய்து விட்டாள். எனக்கோ இத்தனை நாள் இந்தப் பொம்பளையிடம் கத்தியதெல்லாம் வீணாகப் போன எரிச்சல். இரண்டு பேரும் ஒருத்திக்காக ஒருத்தி வாயை மூடிக்கொண்டு என் பிராணனை வாங்கியிருக்கிறார்கள்.

அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. மதிலைப் பார்த்தேன். ரெடிமேட் காம்பவுண்ட். சிமெண்ட் கம்பங்களுக்கு நடுவில் ஸ்லாப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருந்தார்கள்.

"சேகர், இதை மேல தூக்கினா வருமா?"

"வரும்க்கா. ஆளு வேணும்."

கோபால் பதறினார். "மேடம், மேடம், ஸ்லாப் ஒடஞ்சா யாரு பொறுப்பு? சங்கத்துல கேப்பாங்க."

"இங்க ஃபிட்ஸ் வந்துச்சின்னா யாரு பொறுப்பு? அதுக்கும் சங்கத்தைக் கூட்டுவீங்களா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ஏங்க, பேசினே நிக்காதீங்க, தூக்குங்க!" கோபாலின் மனைவி. அந்தம்மா சொன்னதோடு நிற்காமல் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டு வந்து மதிலுக்கு மேல் நீட்டினார்.

இந்தப் பக்கம் சேகரும் யானை ஆர்ச் ஆட்களும், அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் பையனும் இன்னும் சிலரும். மேல் ஸ்லாப் வரவே மாட்டேன் என்றது. சுற்றுலா வேன் டிரைவர் ஒருவர், அங்கே வண்டி நிறுத்தியிருந்தவர், ஜாக்கி ராடு கொண்டு வந்து நெம்பினார். அது வந்ததும் மற்றவை வந்தன. கடைசி ஸ்லாப்பை விட்டுவிட்டு, அதன் மேலாக சங்கீதாவை நாற்காலியோடு தூக்கி மாற்றினோம். அந்தப் பக்கம் நாற்காலியின் முன்காலைப் பிடித்து வாங்கியவர் கோபால். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "பாத்து, பாத்து, மெதுவா" என்று அவரேதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா மதிலைத் தாண்டிக் குதித்து ஆம்புலன்சில் ஏறினாள், பின்னாலேயே நானும். கடையை யார் பார்க்கிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

5. அப்புறம்

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் சங்கீதாவுக்கு வலிப்பு வந்தது. டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தயாராக நின்றிருந்தார்கள். ஊசி போட்டு உள்ளே கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. எடை கம்மி, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சங்கீதாவுக்கும் பிபி இறங்க நாளானது. கன்னியம்மா அத்தனை நாளும் வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தாள். முருகன் மறுநாள் வந்து என் காலில் விழப் பார்த்தான். "விடுப்பா. இனிமே நான் போன் பண்ணா, அம்மா கிட்ட கேளுங்கன்னு சொல்லாத" என்றேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுவாரம் போய்ப் பார்க்கிறேன், ஸ்லாப்பை எல்லாம் பழையபடி செருகி, இந்த முறை இடுக்கில் சிமெண்ட் வேறு பூசியிருக்கிறார்கள். "சங்கத்துல ஸ்ட்ராங்கா போடணும்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார் கோபால். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கிராம சபையில் எழுந்து, கேட்டைப் பூட்டக் கூடாது என்று கேட்டேன். கைதட்டினார்கள். தீர்மானமும் போட்டார்கள். கேட்டில் பூட்டு அப்படியேதான் தொங்கியது.

கோபாலின் மனைவிதான் கடைசியில் வழி செய்தார். பூட்டுக்கு இன்னொரு சாவி போட்டு, ஒரு நாள் நான் வேலை பார்க்கும் சப் சென்டருக்கே வந்து என் மேஜைமேல் வைத்தார். "அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்" என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒரு வீட்டில் ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டினால், இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு கதைதான் கிடைக்கும். அடுத்தது, ஹை ரிஸ்க் தாய் இருக்கிற தெருவிலிருந்து ரோட்டுக்குப் போகிற வழியை நீங்களே போய்ப் பாருங்கள். தேதி நெருங்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். கேட் திறந்திருக்கும் என்று யார் சொன்னாலும், டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாலும், சரி சார் என்று திரும்பி வந்துவிடாதீர்கள். போய்க் கையால் தள்ளிப் பாருங்கள்.